குழாயின் இன்னொரு முனை

“சிஸ்டர், இந்தக் குழாயோட இன்னொரு முனை எங்க இருக்குது?”

அந்த அம்மா என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, கட்டைப் பிரித்துச் சுத்தம் செய்யப் போயிருந்தேன். தொப்புளுக்கு இடப்பக்கம் நான்கு விரல் தள்ளி, தோலைத் துளைத்துக்கொண்டு பென்சில் கனத்தில் ஒரு மெல்லிய குழாய் வெளியே வந்திருந்தது. நுனியில் ஒரு மூடி. இந்த மாதிரி நேரத்தில் நோயாளிகள் பெரும்பாலும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். இவரோ தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தன் வயிற்றையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள, வயித்துலதான்மா இருக்குது.”

“வயித்துலன்னா எங்க? சும்மா தொங்குதா, எதையாச்சும் புடிச்சிக்கிட்டு இருக்குதா?”

எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. அந்தக் குழாயை எப்படித் துடைப்பது, எப்படி மூடுவது என்று தெரியும். உள்ளே அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. “டாக்டரக் கேட்டுச் சொல்றேன்மா” என்றேன்.

“மறந்துடாத” என்றார். மறக்க விடுகிற ஆளில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவருக்குச் சினைப்பையில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே பரவியிருந்தது. இரண்டு சுற்று மருந்து ஏற்றியும் கேட்கவில்லை. வயிற்றில் தண்ணீர் கோத்துக்கொண்டது. நிறைமாதக் கர்ப்பிணியைப் போல வயிறு, குச்சி போலக் கைகால். படுத்தால் மூச்சு முட்டும், ஒரு வாய் சோறு இறங்காது. பத்து நாளைக்கு ஒருமுறை எங்கள் நர்சிங்ஹோமுக்கு வந்து, ஊசி குத்தித் தண்ணீரை எடுத்துவிட்டுப் போவார். நாலைந்து லிட்டர் வரும். இரண்டு நாள் நன்றாக இருப்பார். மறுபடி ஊறத் தொடங்கும். பிறகு பத்து நாள் என்பது ஏழாகி, ஐந்தானது.

எங்கள் சர்ஜன்தான் அந்த யோசனையைச் சொன்னார். கிட்னி போனவர்களுக்கு வயிற்றில் நிரந்தரமாக வைக்கிற குழாய் ஒன்று உண்டு. அவர்களுக்கு அதன் வழியாக மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுப்பார்கள். அதையே இவருக்கு வைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் குத்த வேண்டாம், வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் எங்கள் நர்சிங்ஹோமில் யாருக்கும் அப்படிச் செய்ததில்லை.

சர்ஜனிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் கொடுத்தார். உள்முனை பன்றிவால் போலச் சுருண்டு அடிவயிற்றில் கிடக்கும். பக்கவாட்டில் பொடிப்பொடியாகத் துளைகள். தோலுக்கடியில் குழாயைச் சுற்றி இரண்டு இடத்தில் கம்பளித் துணி போல ஒரு பட்டை. சில வாரங்களில் நம் சதை அந்தப் பட்டைக்குள் வளர்ந்து, குழாயைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் இழுத்தாலும் வராது.

படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த அம்மா நெடுநேரம் பார்த்தார். பிறகு பட்டை இருந்த இடத்தில் விரலை வைத்து, “இதுல என் சதை வளருமா?” என்று கேட்டார்.

“வளரும்மா. ரெண்டு மூணு வாரத்துல.”

“இந்த உடம்புல இன்னும் நல்ல சதையும் வளருதா?” என்றார். அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். அந்தச் சீட்டை மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்தவர். பாரீசுக்கும் மர்செய்க்கும் டிரங்க்கால் போட்டுக் காத்திருந்த பாண்டிச்சேரிக் குடும்பங்களில் பாதிப்பேரின் குரல் அவருக்குத் தெரியும். முகம் தெரியாது. அந்தப் பக்கத்து ஆபரேட்டர்களோடு பேசுகிற அளவுக்கு பிரெஞ்சும் வைத்திருந்தார். லைன் கிடைத்ததும் “பேசுங்க” என்று சொல்லிவிட்டுக் காதிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதுதான் சட்டம். வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் பாரீசிலிருந்த ஒரு பெண்ணுக்குப் போன் போடுவாராம். ஒருநாள் மூன்று நிமிடம் ஆகிவிட்டது என்று சொல்ல இவர் இடையில் நுழைந்தபோது, அந்த ஆள், “அப்ப நான் எதுக்கு அந்த வீட்ட...” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குமேல் கேட்கக்கூடாது. எடுத்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த ஆள் போன் போடவில்லை. அதன்பிறகு எப்போதுமே போடவில்லை.

“அந்த வீட்ட என்னா பண்ணாரு சிஸ்டர்? வித்தாரா, கட்டுனாரா, கொளுத்துனாரா? இருவது வருசமா யோசிக்கறேன்” என்பார். “ஊரே பேசறத பாதியில விட்டுட்டு வந்தவ நான். ரிட்டயர் ஆன அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே எல்லாத்தையும் முழுசாக் கேட்டுடணும்னு.”

கேட்டார். ஆம்புலன்ஸ் டிரைவரிடம், வண்டியில் ஆள் இல்லாதபோது சைரன் போட்டுக்கொண்டு போனதுண்டா என்று கேட்டார். அவன் நெளிந்து, ஒரே ஒருதரம் புரோட்டா கடை மூடுவதற்குள் போய்ச்சேர அப்படிச் செய்தேன் என்று ஒப்புக்கொண்டான். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணைப் பார்க்க வந்த மாமியாரிடம், “உங்களுக்கு நிஜமாவே மருமவள புடிக்குமா, ஆஸ்பத்திரின்னு வந்தீங்களா?” என்று கேட்டுவிட்டார். அன்று வார்டில் பெரிய ரகளை. சமாதானம் செய்யப் போன என்னிடம், “தெரிஞ்சிக்கத்தான் கேட்டேன். அந்தம்மா பதில் சொல்லவே இல்ல பாத்தியா?” என்றார். அவர் பக்கத்தில் போகவே சில நர்சுகள் பயந்தார்கள். எனக்கும் பயம் இருந்தது. ஆனாலும் அடுத்து என்ன கேட்பார் என்று பார்க்க மனம் இழுத்தது.

வீட்டுக்குப் போனபிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை நான் போய்த் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். வீடு ஊருக்குள் சாரம் பகுதியில். மாடியில்லாத சின்ன வீடு, ஜன்னலோரம் கட்டில். கையை முழங்கை வரை கழுவ வேண்டும். முகமூடி, கையுறை. மூடியைத் திறந்து பையின் குழாயை மாட்டி, பையைத் தரையில் விரித்த சுத்தமான துணியில் வைத்தால், தண்ணீர் தானாக இறங்கும். ஒரு தடவைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்பது சர்ஜனின் உத்தரவு.

முடிந்ததும் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். இளமஞ்சளாகத் தெளிந்திருந்தால் நல்லது. கலங்கியிருந்தால் உள்ளே சீழ் பிடித்துவிட்டது என்று அர்த்தம். கிட்னிக்காரர்களுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுப்போம், பைக்குப் பின்னால் பேப்பரை வைத்து எழுத்து தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லி. அதை இந்த அம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் அன்றைய தினசரி தயாராக இருக்கும். முதலில் தலைப்புச் செய்தி. பிறகு உள்செய்தி. போகப் போக வரிவிளம்பரம் வரை வந்துவிட்டார்.

“ ‘சாரத்தில் இரண்டு படுக்கையறை, கிணறு, முருங்கை மரத்துடன்’...” என்று தன் வயிற்றிலிருந்து வந்த தண்ணீர் வழியாகப் படிப்பார். “பாரு, முருங்கை மரத்தயெல்லாம் விளம்பரத்துல போடறான்.”

அவருடைய கணவர் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஓய்வுபெற இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன, லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். அதிகம் பேசமாட்டார். சமையல் அவர்தான், துணி துவைப்பதும் அவர்தான். ஆனால் என் ஸ்கூட்டி நிற்கும் சத்தம் கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

“பால் வாங்கியாறேன்.”

அந்த வீட்டு ஃபிரிட்ஜில் எப்போது திறந்தாலும் நாலு பாக்கெட் பால் இருந்தது.

“அவரு தைரியசாலிதான் சிஸ்டர்” என்பார் அந்த அம்மா. “ஓடற மெஷினுக்குள்ள கைய விட்டு ஒருத்தன இழுத்துக் காப்பாத்துனவரு. எனக்கு ஒண்ணுன்னாதான் பாக்கமாட்டாரு. பொண்ணு பொறந்தப்பவும் இப்பிடித்தான், பீச்சுக்குப் போயிட்டாரு.”

அந்த மகள் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு பிரான்சில் இருந்தாள். இரண்டாவது பிரசவம் நெருங்கியிருந்ததால் வரமுடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். அவளிடம் அந்த அம்மா குழாயைப் பற்றி அவ்வளவும் சொல்லுவார். மீதியைச் சொல்லமாட்டார்.

அக்டோபர் மாதம் ஒருநாள், நான் மூடியைப் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“எவ்ளோ நாள் தாங்கும்?”

எதிர்பார்த்திருந்த கேள்விதான். தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னேன். “அதெல்லாம் ஏன்மா நெனைக்கறீங்க? தைரியமா இருங்க. எல்லாம் சரியாயிடும்.”

“நான் என்னக் கேக்கல. குழாயக் கேட்டேன்.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. “கிட்னிக்காரங்களுக்கு அஞ்சாறு வருசம்கூட இருக்குதும்மா” என்றேன்.

“அப்ப எனக்கு மேல இருக்கும்.”

நான் கையுறையைக் கழற்றினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

“பொங்கல் தாண்டுமா?”

“தாண்டும்மா.”

“சித்திரை?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“சரி, பயப்படாத” என்று என் மணிக்கட்டைத் தட்டிக் கொடுத்தார். “எனக்கு எது தெரியாம இருக்குதோ அதான் பயம். தெரிஞ்சிட்டா ஒண்ணுமில்ல. அவருகிட்ட சொல்லிடாத, மறுபடியும் பால் வாங்கக் கெளம்பிடுவாரு.”

நவம்பரில் அந்த மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் அடித்தது. சாரத்துத் தெருக்களில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அன்று நான் போகவேண்டிய நாள். காலையில் ஸ்கூட்டியை எடுத்து, பாதிவழியில் இஞ்சின் நின்று, நனைந்து நர்சிங்ஹோமுக்கே திரும்பிவிட்டேன். ஆட்டோக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் வரத் தயாராக இல்லை. நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்றிருந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு நர்சுகள் அறையில் போன் அடித்தது.

“சிஸ்டர், மூச்சு வாங்குது.” நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தினார். “நேத்திலேருந்து வயிறு இறுகிட்டுது. அவரு எடுக்கட்டும். நீ சொல்லு, நான் அவருக்குச் சொல்றேன்.”

“சாரா? அவரு இருக்காரா வீட்ல?”

“எங்க போவாரு? பால்காரனே வரல.”

சர்ஜன் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். ஆள் அனுப்பிக் கேட்டேன். கையை ஒழுங்காகக் கழுவச் சொல், பதறாமல் செய்யச் சொல் என்று பதில் வந்தது. ஆரம்பித்தோம். நான் சொல்வதை அந்த அம்மா வாங்கி, சத்தமாக அவருக்குச் சொன்னார். சோப்பு, முழங்கை வரைக்கும். தண்ணிக்குழாய மூடிட்டு வாங்க. மறுபடியும் கழுவுங்க, தண்ணிக்குழாயக் கையால தொட்டுட்டீங்க. முகமூடி. தூரத்தில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

“ந கித்தே பா சிஸ்டர், ந கித்தே பா” என்றார். லைனில் இருங்கள், வைத்துவிடாதீர்கள் என்று பாரீசுக்காரர்களிடம் முப்பது வருடம் சொன்ன வார்த்தை, பழக்கத்தில் வந்துவிட்டது போலிருக்கிறது. நான் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“மூடியத் திருப்பச் சொல்லுங்கம்மா. இடது பக்கமா. நுனி எதுலயும் படக்கூடாது.”

“ஏங்க, இடது பக்கமா. நுனி எதுலயும் படக்கூடாதாம். என் மூஞ்சிய ஏன் பாக்கறீங்க, குழாயப் பாருங்க.”

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மழை மட்டும் கேட்டது. நான் இரண்டு முறை “அம்மா” என்றேன். கடைசியில் கணவரின் குரல் தூரத்திலிருந்து வந்தது. “வருது! வருது! நெறைய வருது!” அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான் முதல்முறை.

கால்மணி நேரத்தில் அந்த அம்மாவின் மூச்சு சீரானது. ரிசீவரிலேயே அது தெரிந்தது. மூடியைப் போட்டாயிற்று. “பேப்பர வெச்சிப் பாக்கச் சொல்லுங்கம்மா” என்றேன்.

ரிசீவரில் பேப்பர் சரசரத்தது. பிறகு கணவர் சொன்னது எனக்கே கேட்டது. “எழுத்து தெரியல. எல்லாம் கலங்கலா இருக்குது.”

நுனியைத் தொட்டுவிட்டாரா? இந்த மழையில் எப்படிக் கொண்டுவருவது? இல்லை, இரண்டு நாளாகவே உள்ளே சீழா? காய்ச்சல் உண்டா என்று கேட்க வாயெடுத்தேன். அந்த அம்மா முந்திக்கொண்டார். என்னிடம் பேசவில்லை.

“ஏங்க, கண்ணத் தொடச்சிட்டுப் பாருங்க.”

மழைச் சத்தம். பிறகு அவர் படித்தார். சர்க்கரை விலையைப் பற்றிய ஏதோ செய்தி. ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலப் படித்தார். முழுச்செய்தியையும் படித்து முடிக்கும்வரை அந்த அம்மா அவரை நிறுத்தவில்லை. நானும் வைக்கவில்லை.

அன்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் வேலை கணவருடையதானது. நான் வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும் என்றாகிவிட்டது. கட்டிலுக்குக் கீழே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, பை நிறைவதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரிக்கு அலைவது நின்றதில் அந்த அம்மாவுக்கு நாட்கள் மிஞ்சின. அதை வைத்துக்கொண்டு அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்.

“இதே குழாய வெச்சிருக்கறவங்க யாரயாச்சும் நான் பாக்கணும்.”

சர்ஜன் சிரித்துவிட்டு, தன்னிடம் வரும் கிட்னி நோயாளி ஒருவரிடம் சம்மதம் கேட்டார். கனகசெட்டிக்குளத்துக்காரர், நாற்பது வயது, சொந்தமாக விசைப்படகு வைத்திருந்த குடும்பம். டாக்டர் கேட்டதைத் தட்டமுடியாமல் சரி என்றார். ஜனவரியில் ஒரு காலை, அந்த அம்மா, கணவர், நான், மூவரும் வாடகைக் காரில் போனோம்.

படகுக்காரர் எங்களை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அந்தப் புழுக்கத்திலும் பனியனுக்கு மேல் சட்டை, கழுத்து வரை பட்டன். குழாய் வைத்து இரண்டு வருடம் ஆகியும் ஊரில் யாருக்கும் தெரியாது என்று அவருடைய மனைவி மெதுவாகச் சொன்னாள். கடற்கரைக்குப் போவதையே விட்டுவிட்டாராம்.

அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்து, மூச்சு வாங்கி முடித்ததும் கேட்டார். “மொதல்ல நீங்க காட்டறீங்களா, நான் காட்டட்டுமா?”

அந்த ஆள் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டார். கதவோரம் நின்ற மனைவி சிரித்துவிட்டாள். அதில் அவரும் கொஞ்சம் இளகி, சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடப்பக்கம், அதே குழாய். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியோடு கிட்டப் போய்ப் பார்த்தார்.

“தோலு நல்லா புடிச்சிருக்குதே! தும்முனா இழுக்குதா தம்பி?”

“மொத மாசம் இழுத்துது. இப்ப இருக்கறதே மறந்துபோவுது.”

“தண்ணிய உள்ள விட்டா எப்பிடி இருக்கும்? சில்லுனா?”

“வெதுவெதுன்னு ஆக்கித்தான் விடுவேன். இல்லன்னா குளிரு முதுகு வரைக்கும் போவும்.”

அரைமணி நேரம் கேட்டார். குப்புறப் படுக்க முடியுமா, குழந்தை மேலே ஏறி விளையாடினால் என்ன செய்வீர்கள், கனவில் குழாய் வருமா. அந்த மனிதர் இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னார். கனவில் வருமாம். கனவில் அது வலைக்கயிறாக இருக்குமாம். கடைசியில் அவர் கேட்டார்.

“உங்களுக்கும் கிட்னிதானாம்மா?”

“இல்ல தம்பி. புத்துநோய். பரவிட்டுது.”

அவர் சட்டையை இறக்கிக்கொண்டார். பிறகு கேட்டுவிட்டார். “அப்ப உங்களுக்கு எதுக்கும்மா குழாய்?”

“மூச்சு விட. ரெண்டு வாய் சாப்புட. உங்க ஊரு வரைக்கும் வர.”

பொங்கல் தாண்டியது. அதற்குப் பிறகு அந்த அம்மாவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. தூக்கம் கூடியது. மாசி மாதத்தில் ஒரு காலை பத்து மணிக்கு இறந்துபோனார். நான் போய்ச்சேர்ந்தபோது கணவர் எல்லாவற்றையும் தானே செய்திருந்தார், குளிப்பாட்டி, சேலை மாற்றி. குழாயை எடுத்துவிடவா என்று கேட்டேன். “வேணாம் சிஸ்டர். சதை புடிச்சிருக்குது, வலிக்கும்” என்றார்.

காரியம் முடிந்தபிறகு போன் செய்தார். பிரிக்காத கையுறைகள், முகமூடிகள், பஞ்சு, மருந்துத்துணி என்று இரண்டு பெட்டி மீதி இருக்கிறது, யாருக்குப் பயன்படும் என்று கேட்டார். இருவரும் பஸ் பிடித்துக் கனகசெட்டிக்குளம் போனோம்.

படகுக்காரருக்கு அது தண்ணீர் மாற்றும் நேரம். வெளியே காத்திருக்கிறோம் என்றேன். அவர் பரவாயில்லை, உட்காருங்க என்றார். கணவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மூடி திறப்பதிலிருந்து மூடுவதுவரை எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு இடத்தில், “நுனி துணியில படப்போவுது தம்பி” என்று எச்சரிக்கவும் செய்தார்.

சட்டையைப் போட்டுக்கொண்டே படகுக்காரர் கேட்டார். “அம்மா கடைசி வரைக்கும் எதனா கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்களா சார்?”

“ரெண்டு நாளா பேச்சே இல்ல தம்பி” என்றார் கணவர். “போறதுக்கு மொத நாள் சாயங்காலம், நான் கீழ உக்காந்து தண்ணி எடுத்துக்கிட்டு இருந்தேன். தூங்கறான்னுதான் நெனச்சேன். கண்ணத் தொறந்து என்னியே பாத்தா. ரொம்ப நேரமா மண்டி போட்டிருக்கீங்களே, முட்டி வலிக்குதான்னு கேட்டா.”

வெளியே யாரோ படகு இஞ்சினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அது நின்றது.

“இல்லன்னு சொன்னேன்” என்றார். “நல்லா வலிச்சுது.”